காற்றின் மீது பழி போடாதே!

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை மாலை. பிரிட்டனில் உழைப்பாளி மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். லண்டனுக்கு வடக்கே மின்கம்பியில் இடி விழுந்தது. சில விநாடிகளுக்குள் ஒரு கடல் காற்றாலையும் ஒரு காஸ் மின்நிலையமும் கைவிட்டன. பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் நின்றது. ரயில்கள் நடுவழியில் நின்றன. ஜனங்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள்.

உடனே ஒரு கூச்சல் எழுந்தது: "எல்லாம் காற்றாலையால் வந்த வினை!" இது உண்மையா?

மில் தோழர்களே! ஸ்விட்சை அணைத்ததும் ரிங் பிரேம் அந்தக் கணமே நிற்பதில்லை; சுழன்ற வேகத்தில் சற்று ஓடித்தான் ஓயும். விவசாயத் தோழர்களே! ஆயில் என்ஜினின் கனத்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். வேகம் குலையாமல் காப்பது அந்தக் கனம்தான்.

மின்நிலையத்திலும் இதே விஷயம்தான். நிலக்கரி, காஸ், நீர்மின் நிலையங்களின் கனத்த யந்திரங்கள் யாவும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. அந்தத் தாளம் விநாடிக்கு 50 அலைவு. ஒரு நிலையம் திடீரென விழுந்தால் மற்றவற்றின் சுழலும் கனம் சில விநாடி சுமை தாங்கும். அதற்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும். சூரியத் தகடும் புதிய காற்றாலையும் மின்னணுக் கருவி வழியாக இணைவதால் அந்தக் கனத்தைத் தாமாகத் தருவதில்லை. ஆகவே தாளம் வேகமாகச் சரிகிறது.

அன்று அப்படித்தான் சரிந்தது. சரிவின் வேகத்தைக் கண்டு பல சிறு உற்பத்தி நிலையங்களும் தாமாகவே கழன்றுகொண்டன. இழப்பு 1,800 மெகாவாட்டைத் தாண்டியது. கையிருப்போ 1,000 மெகாவாட்தான்! அலைவு 48.8-க்கு இறங்கியதும் தானியங்கிக் கருவிகள் ஜனங்களின் இணைப்பை வெட்டின.

காற்றாலை மட்டுமா விழுந்தது? காஸ் நிலையமும் விழுந்தது. இரண்டு கம்பெனிகளும் தலா 45 லட்சம் பவுன் கட்டின.

பரிகாரம் இல்லையா? இருக்கிறது. எரிபொருள் எரிக்காமலே சுழன்று கனம் தரும் யந்திரங்கள் உண்டு. ஒரு விநாடிக்குள் கைகொடுக்கும் பாட்டரிகள் உண்டு. ஆனால் செலவை யார் சுமப்பது? 2020 ஜனவரியில் இந்தக் கனத்துக்காக அங்கே ஐந்து கம்பெனிகளுடன் 32.8 கோடி பவுனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நிலக்கரி நாளில் மின்சாரத்தோடு இனாமாகக் கிடைத்தது இன்று விலைச் சரக்கு! அந்த விலை கடைசியில் வந்து சேருமிடம் ஏழையின் மின்கட்டணச் சீட்டு.

1990-ல் மின்சாரத்தைத் தனியாருக்கு விற்கத் தொடங்கிய அதே பிரிட்டன், 2024 அக்டோபர் 1-ல் மின்தொடரை இயக்கும் ஸ்தாபனத்தைச் சர்க்கார் உடைமையாக்கியது. தாளம் பொதுச் சொத்து என்பதை அனுபவம் கற்பித்துவிட்டது.

2013 டிசம்பர் 31 முதல் நமது தென்னக மின்தொடரும் வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடுகிறது. முப்பந்தல் காற்றாலையும் அதில்தான், நம் மில்லும் அதில்தான். ஆகவே நாம் கோருவது இதுதான்: காற்றும் வெயிலும் வரட்டும். ஆனால் அனுமதி கொடுக்கும்போதே தாளம் காக்கும் கடமையையும் செலவையும் முதலாளி மீது எழுது! லாபம் அவனுக்கு, இருட்டு நமக்கு என்ற கணக்கை ஏற்க மாட்டோம்!