ஊசி வேண்டும், அழுகை வேண்டாம்!

நர்சின் கையில் இருக்கும் மருந்தில்லா மருந்து

ஆஸ்பத்திரி என்றதும் பெரியவர்களுக்கு நோய் நினைவுக்கு வரும். குழந்தைக்கு நினைவுக்கு வருவது ஊசி!

வெள்ளை உடையைக் கண்டாலே சில குழந்தைகள் வீறிட்டு அழும். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடாது. நான்கு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பார்கள். ஊசி ஏறும். "அழுதால் அழட்டும். இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும்" என்று அருகில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

மறந்துவிடுமா? மறக்காது. அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தக் குழந்தை அழத் தொடங்கும். சில பேர் வளர்ந்து ஆளான பிறகும் ஊசிக்குப் பயந்து நோயை மறைப்பார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் நாளைத் தள்ளுவார்கள். இன்றைய இரண்டு நிமிட அலறல், நாளைய நோயாளியை உருவாக்குகிறது.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். விலை உயர்ந்த மருந்தும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு நர்சும், தாயின் மடியும், இரண்டு நிமிட நேரமும் போதும்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியுமா?

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது, அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்தார்கள். வலியைப் போக்கும் மருந்தை மிகக் குறைவாகக் கொடுத்தார்கள், அல்லது கொடுக்கவே இல்லை.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். அவர் பெயர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தூரில் டாக்டர் படிப்பு முடித்து, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் போனவர். ஆபரேஷன் முடிந்து திரும்பும் குழந்தைகள் வெளிறித் துவண்டு கிடப்பதை அவர் பார்த்தார். ஏன் என்று ஆராய்ந்தார். 1987-ல் தம் முடிவை வெளியிட்டார். வலி போக்கும் மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் குறைவாகவே அதிர்ந்தது. அவர்களுக்குச் சிக்கல்களும் குறைந்தன.

வாயால் சொல்லத் தெரியாத குழந்தைக்கும் வலி உண்டு. உலகம் இதை ஒப்புக்கொண்டு இன்னும் 50 ஆண்டுகூட ஆகவில்லை!

ஒப்புக்கொண்டாலும் பழக்கம் உடனே மாறவில்லை. பிரான்சில் பாரிஸ் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சையில் இருந்த 430 பச்சிளங் குழந்தைகளைக் கவனித்து, 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நடுத்தரமாகப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் 10 முறை வலி தரும் சிகிச்சை நடந்திருந்தது. ஐந்தில் நான்கு முறை அந்த வலியைத் தணிக்கத் தனியாக எதுவும் செய்யப்படவில்லை. பணக்கார நாட்டின் நிலையே இது!

எல்லைச் சீமையின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஓசூர் இன்று தொழில் நகரம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. 2022-ல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே ஊசி போடும் அறையின் வாசலில் ஒரு மொழி மட்டும் கேட்காது. தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும், கன்னடமும் உருதும் கேட்கும். வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் கேட்கும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வரும் தாயும் அந்த வரிசையில் நிற்பாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்த தொழிலாளியும் நிற்பார்.

நர்சு சொல்வது சில தாய்மாருக்குப் புரியாது. தாய் கேட்பது நர்சுக்குப் புரியாது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட குழந்தைக்கு எதுவுமே புரியாது!

ஆனால் ஒன்று உண்டு. தமிழ்க் குழந்தையும் தெலுங்குக் குழந்தையும் கன்னடக் குழந்தையும் வலித்தால் "அம்மா" என்றுதான் அலறும். தமிழில் நோவு என்றால் கன்னடத்திலும் நோவுதான். மருந்தில்லாமல் வலியைத் தணிக்கும் வழிகளில் பலவற்றுக்கு மொழியே தேவையில்லை. ஆகவே எல்லைச் சீமைக்கு இவை மற்ற ஊர்களைவிட அதிகமாகப் பொருந்தும்.

தாயின் மடியே முதல் மருந்து

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. ஊசி போடும் இடத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: பால் குடிக்கும் பிள்ளை அவ்வளவாக அழாது!

தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் யோசனைகள் வெளியிட்டது. முடிந்தால் ஊசிக்குச் சற்று முன்பிருந்தோ, ஊசி போடும்போதோ தாய் பால் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. தாயின் அணைப்பு, உடம்பின் சூடு, பாலின் இனிப்பு, சப்பும் செயல் ஆகிய எல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கின்றன.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு வழி உண்டு. துணி மறைக்காமல் தாயின் மார்போடு மார்பாகக் குழந்தையைக் கிடத்துவது. கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றது இது. 1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரி ஒன்றில், கருவிகள் போதாத நெருக்கடியில் பிறந்த முறை. இப்படிக் கிடக்கும் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்தால் அது குறைவாகவே அழுகிறது என்று பின்னால் கண்டார்கள்.

சற்றுப் பெரிய குழந்தையையும் படுக்க வைத்து அமுக்கக் கூடாது. தாயோ தந்தையோ மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். கட்டிப் போட்டால் பயம் இரட்டிப்பாகும். கட்டி அணைத்தால் பயம் பாதியாகும்.

நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி, 6-வது வாரத்திலும் 14-வது வாரத்திலும் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று ஊசிகள் உண்டு. அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடுவது நல்லது என்பதும் அந்த யோசனைகளில் ஒன்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை!

மூளைக்குப் போகும் வாசல்

காலில் கல் இடித்தால் என்ன செய்கிறோம்? உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். வலி குறைகிறது. ஏன்?

1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி முதுகுத் தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. அந்த வழியில் ஒரு வாசல் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தடவுதல், அழுத்துதல் போன்ற வேறு உணர்ச்சிகள் அந்த வாசலில் நெருக்கியடித்தால், வலிச் செய்திக்கு வழி குறுகுகிறது. மூளையும் மேலிருந்து வாசலை மூடச் சொல்லலாம். மனம் வேறொன்றில் லயித்திருந்தால் வலி மங்குவது இதனால்தான்.

ஆகவே ரத்தம் எடுக்கும்போது நர்சு குழந்தையின் கையில் சோப்புக் குமிழி ஊதும் குழலைக் கொடுக்கிறார். குழந்தை ஊதுகிறது. மூச்சு நீளமாகிறது. பிடித்த உடம்பு தளர்கிறது. கண் குமிழியின் பின்னால் ஓடுகிறது. காகிதக் காற்றாடியும் பலூனும் படப் புத்தகமும் ஒரு பாட்டும் இதே வேலையைச் செய்யும். சற்றுப் பெரிய பிள்ளைக்கு ரத்தம் எடுக்கும் முன் அந்த இடத்தில் துணியில் சுற்றிய குளிர்ந்த பொருளைச் சிறிது நேரம் வைப்பதும் உண்டு. ஆனால் தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

இவை விளையாட்டல்ல, படிப்பு! சென்னையில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேல்படிப்புப் படிக்கும் நர்சுகள் பலர் இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்திருக்கிறார்கள். குமிழி ஊதிய பிள்ளைக்கும் ஊதாத பிள்ளைக்கும் வலியில் என்ன வித்தியாசம் என்று வார்டுகளில் அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஏடுகள் கல்லூரி அலமாரியில் தூங்குவதுதான் குறை. அவை ஊசி போடும் அறைக்கு வர வேண்டும்.

பொய் சொல்லாதீர்கள்!

"சாப்பிடாவிட்டால் நர்சு ஊசி போட்டுவிடுவாள்!" இப்படிப் பயமுறுத்தாத வீடு எத்தனை? ஊசியைப் பூச்சாண்டி ஆக்கியது யார்? நாம்தான். பிறகு ஆஸ்பத்திரியில் குழந்தை அலறினால் நர்சின் மேல் கோபப்படுகிறோம்!

"வலிக்கவே வலிக்காது" என்பதும் தவறு. வலித்த பிறகு குழந்தை யாரை நம்பும்? "சுருக்கென்று இருக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேலி செய்யவும் கூடாது. அழுவது குற்றமல்ல.

வலியை அளக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் டோனா வாங் என்ற நர்சும், கோனி பேக்கர் என்பவரும் 1980-களில் ஆறு முகப் படங்களை உருவாக்கினார்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் கண்ணீர் விடும். எந்த முகம் உன் முகம் என்று குழந்தை விரலால் காட்டினால் போதும். தமிழ் தெரியாத பிள்ளையும் காட்டலாம். எழுத்தறியாத தாயும் புரிந்துகொள்ளலாம். ஓசூரில் ஊசி போடும் அறை ஒவ்வொன்றிலும் மாட்ட வேண்டிய படம் அல்லவா அது?

மருந்தை ஒதுக்கச் சொல்லவில்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எலும்பு முறிவு, தீக்காயம், ஆபரேஷன் ஆகியவற்றுக்குக் குமிழி ஊதினால் போதாது. அங்கே வலி போக்கும் மருந்து கட்டாயம் வேண்டும். மருந்து தேவைப்படும் பிள்ளைக்குப் பாட்டு மட்டும் பாடுவது கொடுமை. இவை மருந்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

இனிப்பு வலியைத் தணிக்கும் என்று கேட்டு, வீட்டில் பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் யோசனைப்படி சொட்டுக் கணக்கில் தருவது வேறு.

நேரம் எங்கே என்கிறீர்களா?

"வாசலில் கூட்டம் நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குமிழி ஊதிக்கொண்டிருந்தால் வரிசை எப்போது நகரும்?" என்று நர்சுகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவரே பல பேர் வேலையைச் செய்யும் இடத்தில், சிரித்த முகத்தோடு இரு என்று சொல்வது எளிது, இருப்பது கடினம். அந்தக் குறைக்கு நர்சு பொறுப்பல்ல. போதிய நர்சுகளை நியமிக்காதவர்களே பொறுப்பு.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. திமிறும் பிள்ளையைப் பிடிக்க எத்தனை பேர்? நரம்பு தவறி மறுபடி குத்த எத்தனை நிமிடம்? ஒரு பிள்ளையின் அலறலைக் கேட்டு வரிசையே அழத் தொடங்கினால் எவ்வளவு நேரம்? அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு ஒரே குத்தில் வேலை முடியும். செலவழித்த இரண்டு நிமிடம் திரும்பி வந்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. ஊசி போடும் அறையில் தாய் உட்கார ஒரு நாற்காலி, பால் கொடுக்க ஒரு திரைமறைவு. தாயை வெளியே நிறுத்தும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. குமிழிக் குழலும் படப் புத்தகமும் வாங்கச் சிறு தொகை. நர்சுகளுக்குப் பயிற்சி. அதோடு நான்கைந்து மொழிகளில் ஆறுதல் சொல்லப் பத்துச் சொற்கள். ஓசூரின் பெரிய தொழிற்சாலைகள் ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரி அறையை ஏற்றுக்கொண்டால், இது அவர்களுக்கு ஒரு பெரிய செலவா?

பெற்றோருக்கும் கடமை உண்டு. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தைக்குப் பிடித்த ஒரு பொருளைக் கையோடு கொண்டு போங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று நர்சிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஊசி நோயைத் தடுக்கிறது. அதைப் போடும் கை அன்பாக இருந்தால், அந்தக் குழந்தை நாளைக்கும் பயமில்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறும். தன் பிள்ளையையும் ஒரு நாள் தானே தூக்கிக்கொண்டு வரும்.