கிருமிக்கும் வீரியம் உண்டு, ஐயா

மானாம்பதியில் வீடு வீடாகக் கொடுத்துப்போன துண்டறிக்கை என் கைக்கும் வந்தது. எழுதியவர் சொல்வது இதுதான்: ஃபுளூக் கிருமி எல்லாம் ஒன்றே, கழனியில் உழைத்து உரமேறிய உடம்பை அது சாய்க்காது, செத்தவர்கள் எல்லாரும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள், ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்ட ஐந்து நாள் கஷாயம் குடித்து வீட்டிலேயே கிடங்கள், ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீர்கள். மற்றவை பொய். கடைசி வரி ஆளைக் கொல்லும்.

உரமேறிய உடம்பா? 1918-ஐ அவர் படிக்கட்டும். அந்த ஃபுளூவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் மாண்டார்கள். குழந்தைகளையும் கிழவர்களையும் வாரிக்கொண்டு போவது ஃபுளூவின் வழக்கம். அந்த முறையோ இருபதிலிருந்து நாற்பது வயது வரையிலானவர்கள், ஏர் பிடிக்கிற வயதுக்காரர்கள், கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்!

2005-இல் அமெரிக்காவில் டெரன்ஸ் டம்பியும் அவர் குழுவினரும் அந்தப் பழைய வைரஸை ஆய்வுக்கூடத்தில் மறுபடி உருவாக்கி எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆறு நாளுக்குள் எல்லாம் செத்தன. 1991-இல் டெக்சாஸில் எடுத்த சாதாரண ஃபுளூவைக் கொடுத்த எலிகள் பிழைத்தன. அடுத்துச் செய்ததுதான் இந்த வழக்கையே தீர்த்துவைக்கிறது. 1918 வைரஸிலிருந்து ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்துவிட்டு, டெக்சாஸ் வைரஸுடையதை அங்கே வைத்தார்கள். எலிகள் சாகவில்லை. எலி அதே இனம், தீனி அதே தீனி. மாறியது கிருமியின் ஒரே ஒரு புரதம். எல்லாக் கிருமியும் ஒன்றே என்றவர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

ஹீமக்ளூட்டினின்தான் நம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் புரதம். உள்ளே போனதும் என்.எஸ்.1 என்ற இன்னொன்று, இண்டர்ஃபெரான் எனும் நம் உடம்பின் அபாயக் குரலை அடக்குகிறது. பி.பி.1-எஃப்2 என்ற சிறு புரதத்தில் 66-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியதும் எலிகளில் நோய் கடுமையானது. அந்த மாற்றம் 1918 வைரஸிலும் இருந்தது. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்ற பறவைக் காய்ச்சல் வைரஸிலும் இருந்தது. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சல் வைரஸில் அந்தப் புரதமே பாதியில் அறுந்து கிடந்தது. கிருமிக்குக் கிருமி வீரியம் வேறு என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் போதும் என்கிறாரே, அதுவும் நிற்காது. 2007-இல் நல்ல ஆரோக்கியமான குரங்குகளுக்கு 1918 வைரஸைக் கொடுத்தபோது, அவற்றின் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி நுரையீரலைப் பாழாக்கியது.

சர்க்கரை நோயாளிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து அதிகம் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களையும் சேர்த்துத்தானே ஐந்து நாள் காத்திருக்கச் சொல்கிறார்?

புதிதாகப் பெருகிய வைரஸ்கள் செல்லை விட்டு அறுத்துக்கொண்டு வெளியேற நியூராமினிடேஸ் என்ற புரதம் வேண்டும். ஓசல்டாமிவிர் மாத்திரை அந்தப் புரதத்தைத்தான் முடக்குகிறது. நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு முழுப் பலன். அந்த இரண்டு நாளையும் இந்தத் துண்டறிக்கை நோயாளியிடமிருந்து பறித்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையோடு நம் பக்கம் ஃபுளூ ஏறும். அதற்குள் அவர் அந்த வரியை ஊரறியத் திரும்பப் பெற வேண்டும்.

கஷாயம் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் காய்ச்சல் கண்ட முதல் நாளே போக வேண்டும்.