அப்பாக்களிடம் மைக்கை நீட்டாதீர்கள்

கிரிக்கெட்டில் 'அப்பா அறிக்கை' என்று ஒரு தனி இலாகாவே உண்டாகிவிட்டது. மகன் ஓய்வு பெற்றாலும், அணியில் இடம் கிடைக்காவிட்டாலும், ஏன், சதமே அடித்தாலும்கூட, மறுநாள் காலை அப்பா என்ன சொன்னார் என்றுதான் செய்தி வருகிறது. நானும் ஓர் அப்பா. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்த கையோடு அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட். நம் மேற்கு மாம்பலத்துப் பிள்ளை. நம் மின்சார ரயில் பாதையிலேயே வளர்ந்து உலகம் சுற்றியவர். மறுநாள் அவருடைய தந்தை ரவிச்சந்திரனிடம் ஒரு தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். தனக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும், காரணம் அவனுக்குத்தான் தெரியும், ஒருவேளை அவமானமாக இருந்திருக்கலாம், எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கொள்வான் என்கிற மாதிரி அவர் சொன்னார். அவ்வளவுதான். அந்த 'அவமானம்' என்ற ஒரே சொல் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாகிவிட்டது. பாதி உலகம் தாண்டிப் பயணம் செய்து களைத்து வந்த மகன், அப்பாவுக்கு மீடியாப் பயிற்சியெல்லாம் கிடையாது, அவரை மன்னித்து விட்டுவிடுங்கள் என்று வேடிக்கையும் வருத்தமுமாக எழுத வேண்டியதாயிற்று.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். ஆபீஸில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வாயால் சொன்னது வேறு, கோப்பில் ஏறியது வேறு. கான்டீனில் டீ குடித்தபடி மேலதிகாரியை ஆயிரம் சொல்லலாம். அது காற்றோடு போகும். குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது 'கருத்து'. இந்த இரண்டையும் ஒன்றாக்கியவன் எந்த ஆபீஸிலும் நல்ல பெயர் வாங்கியதில்லை. அப்பாவின் பேச்சு கான்டீன் பேச்சு. அதை எடுத்துக் கோப்பில் ஏற்றுகிறார்கள் நம் விளையாட்டுச் செய்தியாளர்கள். என் புகார் அதுதான்.

ஏன் அப்பாவிடம் போகிறார்கள்? காரணம் எளிது. ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் இருக்கிறது. வாரியத்தைப் பற்றியோ தேர்வுக்குழுவைப் பற்றியோ வாய் திறந்தால் வம்பு. தேர்வாளர்கள் வேண்டியபோதுதான் பேசுவார்கள். பாக்கி இருப்பது வீட்டில் வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் அப்பா ஒருவர்தான். அவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பக்கத்தில் நின்று 'போதும் சார்' என்று சொல்ல ஆளும் இல்லை. 2024 நவம்பரில் சஞ்சு சாம்சனின் தந்தை விஸ்வநாத், பெரிய பெயர்கள் நான்கைச் சொல்லி மகனின் பத்து வருஷத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் வாஷிங்டன் சுந்தர் ஆட்டமிழக்காமல் சதம் அடித்து டெஸ்டைக் காப்பாற்றியபோது, அவருடைய தந்தை சுந்தர் தேர்வாளர்கள் மேல் வருத்தப்பட்டார். மகன் வாய் திறக்காத விஷயத்துக்கு மகன்தான் மறுநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அப்பாக்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கலாம். தாம்பரம் ஸ்டேஷனில் விடிகாலை ஐந்தரை வண்டிக்கு வந்து பாருங்கள். தோளில் கிட் பையோடு ஒரு பையன், அவன் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் தூக்கிக்கொண்டு ஓர் அப்பா. பையன் வலைப்பயிற்சி முடிக்கும்வரை அவர் மர நிழலில் உட்கார்ந்திருப்பார், அப்புறம் அங்கிருந்தே வேலைக்கு ஓடுவார். இப்படிப் பதினைந்து வருஷம் ஓடியவரிடம் 'உங்கள் மகனைச் சேர்க்கவில்லையே, என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? வயிற்றெரிச்சல்தான் வரும். தேர்வில் அநியாயம் நடந்தது என்றால் கேட்க வேண்டிய இடம் தேர்வுக்குழு. அங்கே கேட்கத் துணிவில்லாதவர் இங்கே வந்து கேட்பது பத்திரிகைத் தொழிலாகாது.

2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் அஸ்வின் 500-வது விக்கெட் எடுத்தார். அதைத் தந்தைக்குச் சமர்ப்பிப்பதாகவும், தன் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே அவர் உடம்பு கெட்டுவிட்டது என்றும் சொன்னார். அன்றிரவே அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று சென்னைக்குப் பறந்தார், பார்த்துவிட்டு நான்காம் நாள் ஆட்டத்துக்குத் திரும்பினார். இதுதான் குடும்பம். பந்து வீசுகிறவன் ஒருவன், நெஞ்சு வலிப்பது இன்னொருவருக்கு. இந்த மனிதரின் ஒரு பெருமூச்சைப் பிடித்துத் தலைப்பாக்கலாமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். பிரான்சிலும் விளையாட்டுப் பத்திரிகை சாதுவல்ல. 1998 உலகக் கோப்பைக்கு முன்னால் 'லெகிப்' நாளிதழ் பயிற்சியாளர் எமே ஜாக்கேயைக் கிழித்துத் தோரணம் கட்டியது. ஜூலை 12 அன்று பிரேசிலை 3-0 என்று வென்றபின், இவர்களை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்று ஜாக்கே சொன்னார். ஆனால் அங்கே அடி வாங்கியவர் பயிற்சியாளர். அந்த வேலைக்கென்றே வந்தவர், கோப்பையை ஜெயித்தே பதில் சொல்ல முடிந்தவர். அப்பாவுக்கு அப்படி என்ன கோப்பை இருக்கிறது?

இதைவிடப் பெரிய சங்கடம், குடும்பத்தோடு சாமியும் சேரும்போது வருகிறது.

வாஷிங்டன் சுந்தர் என்ற பெயரைப் பார்த்துப் பலர் பல கணக்குப் போட்டார்கள். அந்தத் தந்தை சொன்ன கதை இது. திருவல்லிக்கேணியில் எளிய இந்துக் குடும்பம். இரண்டு தெரு தள்ளி பி.டி. வாஷிங்டன் என்று ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர். கிரிக்கெட் பைத்தியம். சிறுவனாக இருந்த சுந்தருக்குச் சீருடை வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணம் கட்டி, சைக்கிளில் வைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனவர். 1999-ல் அவர் காலமானார். அந்த வருஷமே அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். முறைப்படி குழந்தையின் காதில் சீனிவாசன் என்று சாமி பெயரைச் சொன்னார். ஊருக்குச் சொல்ல வாஷிங்டன் என்று வைத்தார். காதில் ஒரு தெய்வம், பெயரில் இன்னொரு தெய்வம். நன்றிக்கடனை இதைவிட அழகாகத் தீர்த்த அப்பாவை நான் கேள்விப்பட்டதில்லை. இதுவும் ஓர் அப்பா பேட்டியில் வந்ததுதான். பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் அப்பாக்களிடம் இப்படிப்பட்ட செய்தியும் கிடைக்கும்.

ஜெமிமா ரோட்ரிக்ஸ் விஷயம் வேறு மாதிரி. 2024 அக்டோபரில் மும்பை கார் ஜிம்கானா அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியை ரத்து செய்தது. தந்தை ஐவன் அங்கே மதக் கூட்டங்கள் நடத்தினார் என்று சிலர் சொன்னதுதான் காரணம். தவறாக எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். மகளுக்குச் சிறுவயதிலிருந்து பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் துரத்தலில் ஆட்டமிழக்காமல் 127. முடிந்ததும் அந்தப் பெண் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். தினமும் அழுதேன், மனப் பதற்றத்தோடு இருந்தேன் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் இந்தியா உலகக் கோப்பையை வென்றது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றிரவு வந்தது ஸ்கோர் அல்ல, அந்த நன்றியைக் கேலி செய்யும் ஒரு ஃபார்வர்டு. அனுப்பியவன் என் அக்கா மகன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. 'இதை எடுத்துவிடப்பா' என்றேன். 'மாமா, இது பொது மேடை' என்றான். 'உன் அம்மா நீ பரீட்சை எழுதும்போதெல்லாம் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு, பாஸ் ஆனதும் ஊருக்கே சொன்னாள், அப்போது யாரும் சிரிக்கவில்லை' என்று எழுதினேன். அதன்பின் அவனிடமிருந்து போன் இல்லை. வருத்தம்தான். ஆனாலும் எழுதியதைத் திரும்பப் பெறுவதாக இல்லை. பிரக்ஞானந்தா நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்தால் நமக்குக் கண் குளிர்கிறது. குளிரட்டும். அதே கண், ஒரு பெண் கர்த்தரை நினைத்தால் மட்டும் எதற்குச் சிவக்க வேண்டும்?

நம் ஊர் இப்படி இருந்ததில்லை. வானொலியில் தமிழ் வர்ணனை கேட்ட நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கூத்தபிரான், ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். ஜப்பார் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோகும். அந்தக் குரல் எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்று ஒருவரும் விசாரித்ததில்லை. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், டெண்டுல்கரின் 136 வீணாகி, 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோம். தொண்டை அடைத்தது. ஆனாலும் கூட்டம் எழுந்து நின்று அவர்களுக்குக் கை தட்டியது.

நல்ல விளையாட்டுச் செய்தி இன்றும் சாத்தியம்தான். 2023 ஆகஸ்டில் பாகுவில் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரக்ஞானந்தாவைச் செய்தியாளர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். ஓரமாக அம்மா நாகலட்சுமி, மகனையே பார்த்துச் சிரித்தபடி. யாரும் மைக்கை நீட்டவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. உலகம் முழுக்க எல்லாருக்கும் விளங்கியது.

செய்தியாளத் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பெற்றவர்களிடம் பிள்ளை வளர்ந்த கதையைக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். தேர்வு, அரசியல், அவமானம் இதையெல்லாம் அதற்குப் பொறுப்பானவர்களிடம் கேளுங்கள். அப்பாக்களுக்கும் ஒன்று. மைக்கைக் கண்டால் 'உள்ளே வாங்க, காபி சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசுங்கள். மனக்குறையைச் சொல்ல வீட்டுக்காரி இருக்கிறாள், வாக்கிங் போகும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

நம்மைப்போல வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. அந்தத் தலைப்பைத் தட்டாமல் விட்டாலே போதும். நாம் தட்டுவதால்தான் அவர்கள் மறுநாளும் இன்னோர் அப்பாவைத் தேடிப் போகிறார்கள்.