முதலில் அறை, பிறகு மைக்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கிளம்பும் இளைஞர்கள் முதல் வேலையாக விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைத் தேடுகிறார்கள். அதை அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கண்டென்சருக்குக் காது கூர்மை. பாடுபவரின் மூச்சோடு மின்விசிறி இரைச்சலையும், தெருவில் போகும் ஆட்டோவையும், டைல்ஸ் தரையிலும் வெறுஞ்சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் சேர்த்தே அள்ளிவிடும். பதிவில் ஏறிவிட்ட எதிரொலியைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. சாதாரண அறைக்கு டைனமிக் மைக்கே பொருத்தம். நாலு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடினால் குரல் முன்னே நிற்கும், அறை பின்னே போய்விடும். மைக்கேல் ஜாக்சன் 1982-இல் வெளியிட்ட ‘த்ரில்லர்’ தொகுப்பின் குரல் பதிவுக்குக் கைகொடுத்த ஷூர் எஸ்எம்7-உம் டைனமிக் மைக்தான். இந்த வகை மைக்கில் வரும் ஒலி சன்னமானது. ஆகவே அதை 60 டெசிபெல் அளவுக்காவது உயர்த்தித் தரும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்குங்கள். காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றும் வேண்டும். மிஞ்சும் பணத்தில் கனத்த ஜமக்காளங்கள் வாங்கிப் பாடுபவரின் முதுகுப்பக்கச் சுவரில் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். கடன் வாங்கிக் கருவி சேர்ப்பதைவிட, இருக்கும் அறையை அடக்கிப் பழகுவதே பாட்டுக்குச் செய்யும் நியாயம்.