ஒரு ஞானஸ்நானப் பதிவும் ஓர் ஊதுகருவியும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், இயேசுவின் திரு இருதயக் கோவிலுக்குரிய பழைய பதிவேடு ஒன்றில், 1901 ஆகஸ்ட் 25 அன்று ஞானஸ்நானம் பெற்ற ஓர் ஆண் குழந்தையின் பெயர் காணப்படுகிறது. பிறந்த நாள் அம்மாதம் 4. அருகே இலத்தீனில் இரு சொற்கள்: கறுப்பன், முறையான மணத்தில் பிறவாதவன். மூன்று வாரப் பிள்ளையைப் பற்றி வேறெதுவும் சொல்லத் தேவையில்லை என எழுதியவர் எண்ணினார் போலும்! அப்பிள்ளைதான் பின்னாளில் ஜாஸ் இசையின் பெருங்கலைஞராகப் புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்.

தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாயோ மிக இளையவள். பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்த பாட்டி ஜோசபின்தான் ஐந்து வயது வரை அவரை வளர்த்தார். பின்பு கார்னோஃப்ஸ்கி என்னும் ஏழை யூதக் குடும்பத்தார், பழைய சாமான் வாங்கும் வண்டியிலும் கரி வண்டியிலும் சிறுவனுக்கு வேலை கொடுத்தனர். தங்கள் மேசையிலேயே உணவும் அளித்தனர். அடகுக் கடையில் ஐந்து டாலர் விலையிட்டிருந்த பழைய கார்னெட் ஊதுகருவியை வாங்க முன்பணமும் தந்தனர். அந்த நன்றியை அவர் மறக்கவேயில்லை. தாவீதின் விண்மீன் பொறித்த பதக்கத்தைக் கழுத்தில் அணிந்திருந்தார்.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு ஆரவாரத்தில் தெருவில் கைத்துப்பாக்கியால் சுட்டதற்காகக் காவலர் அவரைப் பிடித்தனர். கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கு இசை பயிற்றிய பீட்டர் டேவிஸ், முதலில் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கெட்ட பேட்டையிலிருந்து வந்தவன் கெட்டவனாகத்தான் இருப்பான் என்பது அவர் முடிவு. நம்மில் எத்தனை பேர் இப்படி முடிவு கட்டியிருக்கிறோம்! ஆயினும் டேவிஸ் தம் மனத்தை மாற்றிக்கொண்டார். முதலில் கஞ்சிரா போன்ற சிறு தாளக்கருவி, பின்பு படைவீரர் ஊதும் பியூகிள், அதன்பின் கார்னெட் என ஒவ்வொன்றாகக் கையில் தந்து, இறுதியில் வாத்தியக் குழுவுக்கே தலைவனாக்கினார். அக்குழு ஒருநாள் லூயியின் சொந்தப் பேட்டை வழியே ஊர்வலம் சென்றது. நம்ம மேயான் மகன் ஊதுகிறான் என்று சூதாடிகளும் ஏழைகளும் ஓடிவந்து காசைக் கொட்டினர். குழுவினர் அனைவருக்கும் புதிய சீருடையும் கருவிகளும் வாங்க அது போதுமானதாக இருந்தது என்று அவரே எழுதியுள்ளார்.

1914இல் விடுதலை. 1922இல் தம் குரு ஜோ ஆலிவரின் அழைப்பேற்றுச் சிக்காகோ சென்றார். 1925 முதல் 1928 வரை தம் சிறு குழுக்களோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. முன்பு அனைவரும் சேர்ந்து வாசித்ததே பெரும்பான்மை. தனியொருவர் தம் கற்பனையை அவ்விடத்திலேயே விரித்து வாசிக்கும் முறைக்கு அவரே ஏற்றம் தந்தார். அவர் பாடிய முறையைக் கேட்டே பில்லி ஹாலிடே போன்ற பாடகர்கள் உருவாயினர். 1964இல், 62 வயதில், அவர் குரல் பீட்டில்ஸ் இளைஞர்களையே விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது!

புன்னகை மாறாத அவரை வெள்ளையர்க்குப் பணிந்தவர் எனச் சிலர் ஏசியதுண்டு. ஆனால் 1957இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்கள் பள்ளிவாசலில் தடுக்கப்பட்டபோது, அரசின் சார்பில் செல்லவிருந்த சோவியத் பயணத்தை அவர் வெளிப்படையாகவே மறுத்தார்.

தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். 1971 ஜூலை 6இல் மறைந்தார். உண்மையான பிறந்த நாளை உலகுக்குச் சொன்னது, 1980களில் ஆய்வாளர் ஒருவர் கண்டெடுத்த அந்தப் பழைய கோவில் பதிவேடுதான்.