இளைய நடுவரும் நரைமுடியும்

சோழன் கரிகாலன் இளம்பருவத்திலேயே அரசுரிமை எய்தினான் என்பதும், வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ள அவனது அவைக்கு வந்த முதியோர் இருவர் அவன் இளமையைக் கண்டு ‘இவனா நமக்கு நீதி வழங்கவல்லான்?’ என ஐயுற்றனர் என்பதும், அதனைக் குறிப்பால் உணர்ந்த அரசன் உள்ளே சென்று நரைமுடி தரித்து முதியவனைப்போல் வந்தமர்ந்து அவ்விருவரும் உவக்குமாறு தீர்ப்பளித்தான் என்பதும் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த செய்தி. மணிமேகலையும் பழமொழி நானூறும் இதனைக் குறிக்கின்றன. வகுப்பறையில் இக்கதையைக் கேட்டபொழுது யான் அரசனது நுண்ணறிவை வியந்து மகிழ்ந்ததுண்டு. ஆயின், சென்ற ஆண்டு சாரற்காலத்தில் அச்சன்புதூர்த் திடலொன்றில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நின்றபொழுது, அந்நரைமுடி எனக்கும் ஒன்று கிடைத்திருக்கலாகாதா என ஏங்கினேன். அவ்வேக்கத்திற்குக் காரணம் யாது என்பதையும், அஃது எனக்குப்பின் வரும் இளைஞர்க்கு நேராதிருக்க ஆவன யாவை என்பதையும் நம் கல்லூரி அன்பர்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அச்சன்புதூர் என் தாயார் பிறந்த ஊர். மேற்கு மலையின் அடிவாரத்தே, செங்கோட்டைக்கு அணித்தாய், தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாய் உள்ளது. செங்கோட்டைப் பகுதி 1956ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாயைக் கடந்துவிட்டால் மலையாள நாடு. காற்பந்தைப் பித்தாகக் கொண்ட அந்நாட்டின் காற்று கணவாய் வழியே வீசுவதனாற்போலும், கிரிக்கெட்டு ஆட்டமே சிற்றூர்த் திடல்களையெல்லாம் கவர்ந்துகொண்ட இக்காலத்தும் எங்கள் பக்கத்துச் சிறுவர் பலர் காற்பந்தை மறந்திலர். குற்றாலத்து மலைமுகட்டிற் சாரல் இறங்கும் நாளில், சேறுபட்ட திடலில் அவர் ஓடியாடும் காட்சி கண்டார்க்கு மறவாது.

அத்தகைய நாளொன்றில் பதினான்கு வயதிற்குட்பட்ட சிறுவர்க்கு ஆட்டம் ஒன்று நடந்தது. நடுவராக வரவேண்டியவர் வரவில்லை. ஆட்ட விதிகளை ஓரளவு கற்று, சிறுவர் ஆட்டங்கள் சிலவற்றில் விசிலூதிய பழக்கம் எனக்கு உண்டாகலின், என்னை அழைத்தனர். கோட்டு நடுவர் ஒருவரும் இலர், யான் ஒருவனே. இரண்டாம் பாதியில் ஓரணியினர் போட்ட கோலை ஆப்சைடு என்று யான் மறுத்தேன். உடனே அவ்வணியின் பயிற்சியாளர், என் தந்தையார் வயதினர், கோட்டைத் தாண்டித் திடலினுள் வந்தார். “ஏலே, பால்குடி மறவாத பயலுக்கு விசில் எதுக்குலே?” என்று தொடங்கிய அவர் பேச்சு என் பெற்றோரைப் பற்றியதாய் முடிந்தது, அதன் பிற்பகுதி இவ்வேட்டில் எழுதத்தக்கதன்று. சூழ நின்ற பெரியோர் சிலர் நகைத்தனர். சிலர் வேறு திசை நோக்கினர். என் சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இருந்தன. கை அங்குச் செல்லவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே யான் வெட்கத்தோடு கூறவேண்டுவது. பத்து நிமிடம் கழியுமுன் அதே பயிற்சியாளர் ‘கை! கை!’ என்று கூவினார். பந்து எதிரணிச் சிறுவன் ஒருவன் தோளிற்பட்டதை என் கண் கண்டது. என் வாயோ பெனால்டிக்கு விசிலூதிவிட்டது. அன்று தீர்ப்பெழுதியது விதியன்று, அச்சமே. அவ்வணி அந்த ஒரு கோலால் வென்றது. தோற்ற அணியின் கோல்காப்பாளன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை; சேறு படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டே என் முகத்தை ஒருமுறை நோக்கிவிட்டுப் போயினான். பயிற்சியாளர் வைத வசை எனக்கு ஏறத்தாழ மறந்துவிட்டது. அச்சிறுவன் நோக்கிய நோக்கு மறக்கவில்லை.

இளைய நடுவரை வைதல் தீது என்பார், அவ்விளைஞன் மனம் புண்படுமே என்று இரங்கிக் கூறுவர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. வசையினால் முதலிற் புண்படுபவன் நடுவன். இறுதியில் களவு கொடுப்பவரோ சிறுவர். அச்சுறுத்தப்பட்ட நடுவன் தன்னையறியாமலே உரத்த குரலின் பக்கம் சாய்கின்றான். சிறுவர் இருபத்திருவரும், முயற்சியினும் திறமையினும் கூச்சலே பயன் தரும் என்னும் பாடத்தைக் கண்கூடாகக் கற்கின்றனர். யான் அஞ்சியதற்கு நானே பொறுப்பாளி, அதனை மறுக்கவில்லை. ஆனால் அஞ்சும்படி ஒருவனைத் தனியே நிறுத்திவிட்டு, அவன் அஞ்சினான் என்று குறைகூறுவதும் அறமாகாது.

ஆட்ட விதிகளில் குறையொன்றுமில்லை. பண்டு இங்கிலாந்தில் அணிக்கொருவராக இருவர் தீர்ப்பாளராய் நின்றனர். அவர் தம்முள் மாறுபட்டால் மட்டுமே கோட்டிற்கு வெளியிலிருந்த மூன்றாமவரிடம் முறையிட்டனர். 1891ஆம் ஆண்டிலேதான் அம்மூன்றாமவர் நடுவராகத் திடலின் உள்ளே வந்தார். முன்னையோர் இருவரும் கோட்டு நடுவராயினர். 1962ஆம் ஆண்டு சிலி நாட்டு உலகக் கோப்பையில் நடந்த கைகலப்பாட்டம் ஒன்றில் நடுவராய் நின்று அல்லலுற்ற கென் ஆஸ்டன் என்பவர் பின்னர் எண்ணிக் கண்டவையே மஞ்சளும் சிவப்புமாகிய அட்டைகள். அவை 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் முதன்முதல் வழக்கிற்கு வந்தன. அவ்வட்டைகளை ஆட்டக்காரர்க்கேயன்றிப் பயிற்சியாளர்க்கும் காட்டலாம் என்று 2019ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. இழிசொல் கூறும் பயிற்சியாளர்க்குச் சிவப்பு அட்டை; கூறியவர் இன்னாரென்று தெரியாவிடில், அங்குள்ள தலைமைப் பயிற்சியாளரே அத்தண்டத்தை ஏற்கவேண்டும். இவ்வளவு அதிகாரம் விதி தந்துள்ளது. பின்னும் அன்று என் கை ஏன் எழவில்லை?

விடை நம் வளர்ப்பிலே உள்ளது. நம்மிடையே பயிற்சியாளர் வெறும் விளையாட்டாசிரியர் அல்லர். ‘சார்’ என்று அழைக்கப்பெறும் ஆசிரியர். மூத்தோர் வந்தால் எழுந்து நில், எதிர்த்துப் பேசாதே என்று பதினெட்டாண்டு பயிற்றப்பட்ட ஒருவன், ஒரு மாலைப்பொழுதில் தந்தை வயதினர் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையை உயர்த்தவேண்டும் என்றால் எங்ஙனம் இயலும்? மூத்தோரை மதித்தல் நற்குணமே. அதனை யான் பழிக்கவில்லை. நற்குணம் ஒன்றைக் கருவியாக்கி இளைஞனை மிரட்டுதலையே பழிக்கின்றேன். கரிகாலன் அவைக்கு வந்த முதியோரும் ஐயுற்றனர். ஆயினும் அரசனை வைதாரில்லை.

பெரிய திடல்களில் நிகழ்வதையே சிறிய திடல்கள் பின்பற்றுகின்றன. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் பெங்களூரில், ஐ.எஸ்.எல். நீக்கச் சுற்றில், சுனில் சேத்திரி விரைந்தெடுத்த ஃபிரீகிக்கினால் விழுந்த கோலை நடுவர் ஒப்புக்கொண்டார். அதனை ஏலாத கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியையே திடலைவிட்டு வெளியே அழைத்துச் சென்றார். அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு அவ்வணிக்கு 4 கோடி ரூபாயும் பயிற்சியாளர்க்கு 5 லட்சம் ரூபாயும் தண்டம் விதித்து, அவரைப் பத்து ஆட்டங்களுக்கு விலக்கியும் வைத்தது. அப்போது யான் பள்ளி மாணாக்கன். எங்கள் பக்கத்துச் சிறுவர் வெளியேறிய காட்சியைக் கைப்பேசியிற் பன்முறை கண்டு பேசினர். பின்வந்த தண்டத்தைப் பற்றி எவரும் பேசக் கேட்டிலேன். அங்கே நடுவர்க்குப் பின்னால் ஒரு கூட்டமைப்பு நின்றது. அச்சன்புதூர்த் திடலில் எனக்குப் பின்னால் நின்றது ஒரு வேப்பமரம்.

இக்கேடு நம் நாட்டிற்கே உரியதும் அன்று. 2012 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டு அல்மேரே நகரில், சிறுவர் ஆட்டத்திற் கோட்டு நடுவராய்த் தொண்டாற்றிய 41 வயதினர் ஒருவர் இளம் ஆட்டக்காரராலேயே தாக்குண்டு மறுநாள் உயிர் நீத்தார். 2022 நவம்பரில் இங்கிலாந்தின் மெர்சிசைடுப் பகுதியில், நடுவர்க்கு நேர்ந்த அச்சுறுத்தல்களின் பொருட்டுச் சிறுவர் போட்டிகள் ஒரு வார இறுதி முழுதும் நிறுத்தப்பட்டன. அந்நாட்டில் 18 வயது நிரம்பாத நடுவரைப் பிறர் எளிதில் அறிந்துகொள்ளும்படி தனி நிறக் கைப்பட்டை அணிவிக்கும் வழக்கமும் சில மாவட்டங்களில் உண்டு. ‘இவனும் ஒரு பிள்ளையே, நாவைக் காத்துக்கொள்க’ என்று அக்கைப்பட்டை பெரியோர்க்குச் சொல்லாமற் சொல்லுகின்றது.

இனி, மறுப்போர் கூறுவனவற்றையும் நேர்மையாக ஆராய்வோம். பயிற்சியாளர் தம் சிறுவர்மேல் வைத்த அன்பினால் கொதிக்கின்றார் என்பர் சிலர். அன்பு உண்மையே, பலர் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைச் சிறுவர்க்குப் பந்தும் காலணியும் வாங்கித் தருகின்றனர். ஆயின் எதிரணிச் சிறுவரும் ஒருவர் அன்பிற்கு உரியரே. நடுவர் பிழை செய்தால் வாய் மூடி இருப்பதோ என்பர் வேறு சிலர். வேண்டா, அணித்தலைவன் பணிவோடு கேட்கலாம். ஆட்டம் மீளத் தொடங்குமுன் நடுவர் தம் முடிவைத் தாமே மாற்றிக்கொள்ள விதியே இடம் தருகின்றது. ஆட்டம் முடிந்தபின் எழுத்தில் முறையிடலாம். பாண்டியன் நெடுஞ்செழியனே தீர்ப்பிற் பிழைத்தான் என்றால், மழையிற் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடும் மாணவன் பிழைத்தல் வியப்பன்று. ஆப்சைடு பிழைத்தால் மதுரை எரிவதுமில்லை. இளைய நடுவர் சிலர் செருக்கோடு நடக்கின்றனர் என்பது மூன்றாவது குறை. இதனை யான் ஒப்புக்கொள்ளுகின்றேன். விசில் செங்கோலன்று, விதியை நன்கு கல்லாமல் அதனைக் கழுத்தில் மாட்டுதலும் குற்றமே.

செய்யத்தக்கன சிலவே; பொருட்செலவும் இல்லாதன. ஆட்டந்தொடங்குமுன் இரண்டு பயிற்சியாளரும் சிறுவர் காண நடுவரோடு கைகுலுக்கி, ‘இவர் தீர்ப்பே இன்று தீர்ப்பு’ என்று தம் அணிக்குக் கூறுதல் வேண்டும். போட்டி நடத்துவோர், ஊரில் மதிப்புடைய பெரியவர் ஒருவரைக் கோட்டருகே நிறுத்துதல் வேண்டும். முறையீடு எதுவாயினும் அவரிடமே செல்க, இளைஞனிடம் வாராதொழிக. சிவப்பு அட்டை பெற்ற பயிற்சியாளர் எத்துணை வேண்டியவராயினும் அடுத்த ஆட்டத்திற்கு வாராதிருத்தல் வேண்டும். நம் கல்லூரியினின்று சிற்றூர் ஆட்டங்களுக்கு நடுவராகச் செல்லும் மாணவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்புதல் நன்று. ஒருவர் விசிலூத, மற்றவர் கண்டு குறித்து, திரும்புங்கால் பிழையும் சரியும் எடுத்துக்காட்டுவாராக. பயிற்சியாளராயும் உடற்பயிற்சி ஆசிரியராயும் விளங்கும் நம் பழைய மாணவர் பலர் இதனைப் படிப்பர். அவர்க்கு என் வேண்டுகோள் இது: நும் அணிக்கு எதிராக ஒரு சிறுவன் தவறாக விசிலூதும் அக்கணத்தில் நும் சிறுவர் நோக்குவது பந்தையன்று, நும் முகத்தை.

இதனால் இழப்பதும் பெறுவதும் சிறியன அல்ல. 2002ஆம் ஆண்டு கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் துணை நடுவராய் நின்ற கோமளீசுவரன் சங்கர் தமிழ்நாட்டினர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016ஆம் ஆண்டில் ஃபிஃபா நடுவர் என்னும் தகுதி எய்தினார். இன்னோரும் ஒருநாள் முதல் விசிலை ஊதியவரே. முதல் ஆட்டத்திலேயே வசை கேட்டு விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போன இளைஞர் எத்துணையர் என்பதை யாரே கணக்கிட வல்லார்? அன்று அச்சன்புதூரில் அடுத்த ஆட்டத்திற்கு விசிலூத இருந்த என் நண்பன், ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி வீட்டிற்குப் போய்விட்டான். இன்றுவரை திடலுக்கு வரவில்லை.

யான் மீண்டும் போவேன். அக்கோல்காப்பாளனுக்கு நான் ஒரு நேரிய தீர்ப்புக் கடன்பட்டிருக்கின்றேன். நரைமுடி தரித்து வரும் எண்ணம் எனக்கில்லை. சாரலில் அது நில்லாது. இயற்கையாக நரைத்த பெரியோர் ஒருவர் கோட்டருகே என் பக்கத்தில் நின்றாற் போதும்.