ஐ.எம்.எஃப். சர்டிபிகேட் கொடுத்துடுச்சாம்! முழுசா படிச்சீங்களா?



‘இந்திய வங்கிகள் இரும்புக் கோட்டை, ஐ.எம்.எஃப்.கூட சொல்லிடுச்சு’ என்று ஒரு கார்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். யாராவது ஒரு மாமா போட்டிருப்பார், கீழே நாலு கைதட்டல் எமோஜி இருக்கும். அந்த மாமாவுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அவர்கள் காட்டுவது 2025 பிப்ரவரி கடைசியில் வெளியான அறிக்கை. ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் சேர்ந்து ஒரு நாட்டின் வங்கி, காப்பீடு, பங்குச்சந்தை, கண்காணிப்பு அமைப்பு எல்லாவற்றையும் பார்த்து எழுதும் மதிப்பீடு அது. தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா எல்லாம் 1997-ல் அடி வாங்கிய பிறகு, 1999-ல் தொடங்கிய திட்டம். இந்தியாவுக்கு இது முதல் முறையும் இல்லை. 2011-ல் ஒன்று, 2017-ல் ஒன்று ஏற்கனவே நடந்திருக்கின்றன. 2017 அறிக்கை பொதுத்துறை வங்கிகளில் ஒரு பகுதி மிகவும் பலவீனமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதியது. அதற்கு இந்த மாமாக்கள் கார்டு போட்டார்களா?

சரி, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றால் என்ன? சிவில் படித்தவர்களுக்கு கான்கிரீட் கியூப் டெஸ்ட் ஞாபகம் இருக்கும். கியூபை மெஷினில் வைத்து உடையும் வரை அழுத்துவோம். கியூப் பாஸ் ஆனதால் கட்டடமே பாஸ் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? வங்கிக்கும் அதே கதைதான். வளர்ச்சி இவ்வளவு விழுந்தால், வட்டி இவ்வளவு ஏறினால் மூலதனம் தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்குக்கான தரவு வருவது வங்கிகளிடமும் ரிசர்வ் வங்கியிடமும் இருந்துதான். வாராக்கடனை ஒரு வங்கி மறைத்து வைத்திருந்தால், வாஷிங்டனிலிருந்து வருபவர் எக்ஸ்ரே போட்டா பார்ப்பார்?

ஐஸ்லாந்தைப் பாருங்க. 2008 ஆகஸ்டில் அந்த நாட்டுக்கு இதே மதிப்பீட்டைப் புதுப்பித்து எழுதினார்கள். ஆபத்துகளைச் சுட்டினார்கள். ஆனாலும் வங்கிகள் சோதனையைத் தாங்குகின்றன என்பதுதான் கணக்கின் முடிவு. அக்டோபரில் கிளிட்னிர், லான்ட்ஸ்பங்கி, காப்திங் மூன்றும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சரிந்தன. நவம்பரில் அதே ஐ.எம்.எஃப்.பிடம் ஐஸ்லாந்து 210 கோடி டாலர் கடன் வாங்கியது. அயர்லாந்துக்கும் 2006-ல் நல்ல வார்த்தைதான் கிடைத்தது. 2010-ல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவோ நெருக்கடி வெடிக்கும் வரை இந்தச் சோதனைக்கே உட்படவில்லை. அதன் முதல் அறிக்கை 2010-ல்தான் வந்தது. பெரிய நிதி மையங்கள் கட்டாயம் உட்பட வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டுதான். ஐ.எம்.எஃப்.பின் சொந்த மதிப்பீட்டு அலுவலகமே 2011-ல், நெருக்கடிக்கு முன்னால் நாம் ஏன் கோட்டை விட்டோம் என்று தனி அறிக்கை போட்டது. அவங்களே சான்றிதழ் மாதிரி தூக்கிப் பிடிக்காததை மாமா பிடிக்கிறார்!

இப்போது 2025 அறிக்கைக்கு வருவோம். நல்லது சொல்லியிருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். நிதித்துறை முன்பைவிட உறுதியாகவும் பல வகைப்பட்டதாகவும் ஆகியிருக்கிறது, கொரோனாவைத் தாங்கியது என்கிறது. ஆனால் அதே அறிக்கை, கடுமையான அதிர்ச்சி வந்தால் சில வங்கிகள், குறிப்பாகப் பொதுத்துறை வங்கிகள், மூலதனத்தைக் கூட்ட வேண்டியிருக்கும் என்கிறது. மின்சாரம் போன்ற துறைகளுக்கு மொத்தமாகக் கடன் கொடுத்திருக்கும் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் ஆட்டம் கண்டால், அது வங்கிகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் பரவும் என்கிறது. கார்டில் இந்த வரிகள் எங்கே? ஐ.எல்.&எஃப்.எஸ். 2018-ல் விழுந்ததை மறந்துவிட்டோமா? சுமார் 91,000 கோடி ரூபாய் கடன், விழுவதற்குச் சில வாரம் முன்பு வரை ‘ஏ.ஏ.ஏ.’ ரேட்டிங்.

வாராக்கடன் விகிதம் 2018-ல் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2025 மார்ச்சில் 2.3. இதுதான் அவர்களின் பெரிய ஆயுதம். குறைந்தது உண்மை. எப்படிக் குறைந்தது என்று கேளுங்கள். 2023-24 வரையான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நிதியமைச்சர் 2025 மார்ச்சில் மக்களவையில் சொன்ன எண் இது. நீக்கினால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது, வசூல் தொடரலாம். அதைத் தெரிந்துகொண்டே பேசுங்கள், இல்லையென்றால் விவாதத்தில் அங்கேயே மடக்குவார்கள். நம் கேள்வி வேறு: நீக்கியதில் எவ்வளவு திரும்பி வந்தது, பெரிய கடனாளிகள் யார் யார்?

இன்னொன்று. இந்த மதிப்பீடு ஒட்டுமொத்த அமைப்பைப் பார்க்கிறது, உங்கள் ஊர் வங்கியை இல்லை. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17-ல் முடக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு? பூஜ்யம். தலைமுறையாகப் பங்கை வீட்டுச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கும் பூஜ்யம். ‘அமைப்பு உறுதியாக இருக்கிறது’ என்ற வாக்கியம் அன்றும் உண்மைதான். கரூரில் போய் அதைச் சொல்லிப் பாருங்க.

கடைசியாக நம்ம ஆட்களுக்கு. ‘அந்த வங்கி திவால், உடனே பணத்தை எடுங்க’ என்று வரும் கார்டை எந்தக் காரணத்துக்காகவும் ஷேர் செய்யாதீர்கள், ஆளுங்கட்சியை அடிக்கிறது என்பதற்காகவும் வேண்டாம். வதந்தியால் கூட்டம் கூடினால் நல்ல வங்கியும் தடுமாறும், முதலில் வரிசையில் நிற்பது பென்ஷன்காரரும் சிறு வியாபாரியும்தான். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி வரை அது வெறும் 1 லட்சம். வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருந்தால் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு அறிக்கையின் லிங்க் அனுப்புங்க. பொதுத்துறை வங்கி மூலதனம் பற்றிய பத்தியை வட்டம் போட்டு அனுப்புங்க. என்ன பதில் வருகிறது என்று கமெண்டில் போடுங்க.